கார் ரூஃப் துணி தொங்குகிறதா? எந்தத் தொல்லைக்கு என்ன வைத்தியம்

பழைய காரில் ரூஃப் துணி, அதாவது உள்ளே தலைக்கு மேலே கூரையை மூடியிருக்கிற துணி, தொங்க ஆரம்பித்ததும் எல்லோரும் முதலில் கேட்பது "எந்த கம் போட்டு ஒட்டலாம்?" என்றுதான். கேள்வியே தப்பு. பெரும்பாலான கார்களில் கம் விட்டுப்போகவே இல்லை, துணியைக் கழற்றிப் பார்த்தால் கம் போர்டில் அப்படியேதான் இருக்கும். செத்துப்போனது நடுவில் இருக்கிற ஃபோம். அதைப் புரிந்துகொள்ளாமல் அதே துணியில் மறுபடி கம் அடித்து ஒட்டினால், அடுத்த கத்திரி வெயிலுக்குள் கூடுதல் கறையோடு மறுபடி உங்கள் தலையில் வந்து உட்காரும்.

தொண்ணூறுகளுக்குப் பின் வந்த கார்களில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: மேலே இரும்புக் கூரை, அதற்குக் கீழே வளைத்து அச்சில் அழுத்திச் செய்த ஒரு போர்டு, அந்தப் போர்டில் ஒட்டிய துணி. துணியின் முதுகில் 2, 3 மி.மீ. தடிமனில் மெல்லிய பாலியூரித்தேன் ஃபோம் சேர்ந்தே வரும். வெயிலில் நிற்கிற காரின் கூரைத் தகடு 70 டிகிரிக்கு மேல் போகும், அதோடு நம் ஊர் ஈரக்காற்றும் சேர்ந்தால் அந்த ஃபோம் வருடக்கணக்கில் மெல்ல மெல்ல உடைந்து கடைசியில் மஞ்சள் தூளாகிவிடும். கம் போர்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, துணி ஃபோமின் மேல்தோலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, நடுவில் ஒன்றுமே இல்லை. தொங்காமல் என்ன செய்யும்?

அதனால் கடைக்கு ஓடுமுன் என்ன தொல்லை என்று முதலில் பாருங்கள். உள்ளங்கையால் கூரையை அழுத்துங்கள். பின்னால் கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் போர்டு வகை. கூடாரத் துணி போல உள்ளே போய், குறுக்கே மட்டும் கம்பி கம்பியாகத் தட்டுப்பட்டால் கம்பியில் தொங்கும் வகை, அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

ஓரத்தில் மட்டும் பிரிந்திருக்கிறது

பின் கண்ணாடிக்கு மேலோ, கதவுக்கு மேல் பீடிங் (ஓரத்தில் மாட்டியிருக்கும் ரப்பர் பட்டை) உள்ள இடத்திலோ ஒரு சாண் அளவுக்குப் பிரிந்திருந்தால் உடனே பயப்பட வேண்டாம். பிரிந்த இடத்தில் விரலை விட்டுத் துணியின் முதுகைத் தடவுங்கள். ஃபோம் இன்னும் மெத்தென்று இருந்து, அழுத்தி விட்டால் எழும்பி வந்தால் அந்த இடத்தில் மட்டும்தான் பிடிப்பு போயிருக்கிறது. பீடிங்கை மெதுவாக இழுத்துவிட்டு, போர்டிலும் துணியிலும் ரப்பர் கம் மெல்லிசாகத் தடவி, தொட்டால் கையில் ஒட்டாத அளவு காய்ந்ததும் அழுத்திவிட்டு பீடிங்கைத் திரும்ப மாட்டினால் முடிந்தது.

விரலில் தூள் ஒட்டிக்கொண்டு வந்தால்? அந்த ஓரம் ஆரம்பம்தான், மற்ற இடமும் வரிசையில் நிற்கிறது. அடுத்த பகுதிக்குப் போங்கள்.

நடுவில் உப்பித் தொங்குகிறது, கண்ணாடியை இறக்கினால் படபடக்கிறது, தலையில் மஞ்சள் தூள்

இதுதான் முழு வேலை கேட்கிற கேஸ். குண்டூசி குத்துவது, ஸ்டேப்ளர் அடிப்பது, ஊசி போடுகிற சிரிஞ்சில் கம்மை ஏற்றித் துணிக்குப் பின்னால் விடுவது என்று பல குறுக்கு வழிகள் சுற்றி வருகின்றன. சிரிஞ்ச் வைத்தியம் துணியில் வட்டம் வட்டமாகக் கறையைத்தான் கொடுக்கும். குண்டூசி, அவசரத்துக்கு ஒரு வாரம் தாங்கும், ஆனால் எங்கேயாவது இடித்தால் தலைக்கு நேர் மேலே ஊசிகள் இருக்கின்றன என்பதை நினைத்துப் பாருங்கள். துணியைக் கிழித்து எடுத்துவிட்டு வெறும் போர்டோடு ஓட்டுவதுகூட அதைவிடத் தேவலாம், பார்க்கத்தான் அசிங்கமாக இருக்கும்.

சரியான வழி போர்டையே வெளியே எடுப்பது. காருக்குள் மல்லாந்து படுத்துக்கொண்டு துணி ஒட்ட முடியாது. முயற்சி செய்தவர்களின் காரைப் பார்த்தாலே தெரியும், சுருக்கம் எல்லாம் பின்சீட்டுக்கு மேல் வந்து சேர்ந்திருக்கும்.

முதலில் பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். கண்ணாடிகளுக்கு இடையில் கூரையைத் தாங்கி நிற்கும் தூண்களின் பிளாஸ்டிக்கிலோ கூரை ஓரத்திலோ ஏர்பேக் என்று பொறித்திருந்தால் அங்கே பக்கவாட்டுத் திரை ஏர்பேக் இருக்கிறது என்று அர்த்தம், அந்தக் காரைத் தெரிந்தவர் கையில் விடுங்கள், இதில் வீரம் வேண்டாம். பழைய கார்கள் பலவற்றில் அது இருக்காது. அப்புறம் சன் வைசர், கைப்பிடிகள், உள் லைட், கதவு பீடிங், தூண்களின் பிளாஸ்டிக் என்று ஒவ்வொன்றாக வரும். கைப்பிடியின் ஸ்க்ரூ சின்ன மூடிக்குள் ஒளிந்திருக்கும், மெல்லிய தட்டையான ஸ்க்ரூ டிரைவரில் துணி சுற்றி நெம்பினால் திறக்கும். இருபது வருஷப் பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி நொறுங்கும், அதனால் தூண் பிளாஸ்டிக்கை இழுக்குமுன் ஹேர் டிரையரால் கொஞ்சம் சூடு காட்டுங்கள், கிளிப் இருக்கும் இடத்துக்கு நேராகப் பிடித்து இழுங்கள். சீட் பெல்ட்டின் மேல் போல்ட்டைக் கழற்ற வேண்டி வந்தால் வாஷர் எந்த வரிசையில் இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், திரும்பப் போடும்போது நன்றாக முறுக்குங்கள், அது உயிர் காக்கிற போல்ட்.

போர்டை எடுப்பதற்கு ஆள் துணை கட்டாயம். முன் சீட்டுகளை முழுக்கச் சாய்த்து, ஹேட்ச்பேக் என்றால் டிக்கி வழியாகவும், செடான் என்றால் முன் கதவு வழியாகக் கோணலாகத் திருப்பியும் எடுக்கலாம். எந்தக் காரணத்துக்காகவும் மடிக்காதீர்கள். ஒரு முறை மடிந்த கோடு புதுத் துணி போட்டாலும் தழும்பாகத் தெரியும்.

இனிமேல்தான் உண்மையான வேலை. பழைய துணி கையோடு வந்துவிடும், போர்டு முழுக்கப் பிசுபிசுப்பான மஞ்சள் படலம் மிஞ்சும். இதை ஒரு துளி விடாமல் எடுக்க வேண்டும். புதுத் துணி விழுந்துவிட்டது என்று வருகிற புகார்களில் முக்கால்வாசி இந்த இடத்தில் சோம்பல்பட்டதால் வந்தவைதான், ஏனென்றால் செத்த ஃபோமின் மேல் கம் அடித்தால் கம் தூளைத்தான் பிடிக்கும், போர்டைப் பிடிக்காது. நைலான் பிரஷ் போதும், துணி துவைக்கிற பிரஷ்கூட நல்லதுதான். கம்பி பிரஷ் போர்டின் மேல்தோலைப் பிய்த்துவிடும். மொட்டைமாடியிலோ திண்ணையிலோ வைத்து, மூக்குக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு, ஒரே திசையில் தேயுங்கள். தண்ணீர் வேண்டவே வேண்டாம், பல போர்டுகள் அழுத்திய நார்தான், நனைந்தால் உப்பிவிடும். கடைசியில் வாக்குவம் போட்டு, கையால் தடவிப் பார்த்து, கை சுத்தமாக வந்தால்தான் அடுத்த கட்டம். மெல்லிய உப்புத்தாளால் ஒரு ஓட்டு ஓட்டினால் இன்னும் நல்லது. போர்டில் விரிசல் இருந்தால் பின்பக்கம் ஒரு துண்டு ஃபைபர்கிளாஸ் துணியும் ரெசினும் வைத்து ஒட்டி, ஒரு நாள் காயவிடுங்கள்.

துணி வாங்கும்போது ஃபோம் சேர்ந்த ரூஃப் துணி என்று கேட்டு வாங்குங்கள். சென்னையில் ஜி.பி. ரோட்டுக் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கும், மற்ற ஊர்களில் குஷன் கடைக்காரரிடம் சொன்னால் வரவழைத்துத் தருவார். ஃபோம் இல்லாத சாதாரணத் துணி மலிவாக இருக்கிறதே என்று போட்டால் போர்டில் உள்ள ஒவ்வொரு குழியும் மேடும் வெளியே தெரியும், அதோடு அது நீளாது, வைசர் உட்காருகிற பள்ளத்தில் இறங்காது. போர்டை அளந்து நாலு பக்கமும் ஒரு சாண் கூடுதலாக வாங்குங்கள். துணியை இரண்டு திசையிலும் இழுத்துப் பாருங்கள், ஒரு பக்கம் கூடுதலாக நீளும். ஆழமான வளைவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துக்கு அந்த நீளல் வரும்படி விரியுங்கள்.

கம் விஷயத்தில் ஒரே விதி: சூட்டுக்குத் தாங்கும் ரப்பர் வகைக் காண்டாக்ட் கம், அதாவது இரண்டு பக்கமும் தடவிக் காயவிட்டு ஒட்டுகிற கம். ஃபெவிகால் எஸ்ஆர் 998 மாதிரியானவை எல்லா ஹார்டுவேர் கடையிலும் இருக்கும், ஸ்ப்ரேயில் வேண்டுமென்றால் ரூஃப் லைனிங்குக்கு என்றே எழுதியதை வாங்குங்கள், தாளும் அட்டையும் ஒட்டுகிற கைவேலை ஸ்ப்ரே முதல் வெயிலிலேயே இளகிவிடும். மர வேலைக்கான வெள்ளை ஃபெவிகாலும் அதே கதைதான், சூட்டில் நெகிழும். டப்பா கம் என்றால் பிரஷ்ஷில் கட்டி கட்டியாக வைக்காமல் தட்டையான தகடால் மெல்லிசாக இழுத்துவிடுங்கள், கட்டி இருந்தால் ஃபோம் வழியாக மொட்டு மொட்டாகத் தெரியும். சில போர்டுகளின் உள்ளே தெர்மோகோல் போன்ற பொருள் இருக்கும், கம்மில் உள்ள கரைப்பான் அதை அரித்துவிடும், ஆகவே மறைவான மூலையில் ஒரு பொட்டு வைத்துப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். பக்கத்தில் அடுப்பு, பீடி, சிகரெட் எதுவும் கூடாது. அடைத்த ஷெட்டில் இந்த வேலை வேண்டாம், அரை மணி நேரத்தில் தலை கிறுகிறுக்கும்.

போர்டின் மேல் துணியை விரித்துப் பாதியை மடித்துவிட்டு, போர்டிலும் ஃபோமிலும் கம் தடவி, புறங்கையால் தொட்டால் நூல் இழுக்காத பதத்துக்குக் காயவிடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும், வெயிலில் சீக்கிரம் ஆகும். நடுக்கோட்டில் இருந்து வெளியே உள்ளங்கையால் நீவிக்கொண்டே போங்கள். பள்ளம் வரும் இடத்தில் முதலில் பள்ளத்தின் அடியில் துணியை அழுத்தி உட்காரவைத்துவிட்டுத்தான் மேட்டுக்கு ஏற வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தால் துணி பள்ளத்துக்கு மேலே பாலம் போட்டுவிடும். பிறகு மறுபாதி. ஓரத்தை நாலு விரல் அளவுக்குப் பின்பக்கம் மடித்து ஒட்டுங்கள். லைட், வைசர் ஓட்டைகளைக் கடைசியில் பின்பக்கமிருந்து பார்த்து பிளேடால் குறுக்குவெட்டாகக் கிழித்து உள்ளே மடியுங்கள், வட்டமாக வெட்டி எடுத்துவிடாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழைநாளில் இந்த வேலையைத் தொடாதீர்கள். கம் காயும்போது அதன் மேற்பரப்பு குளிர்ந்து காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் நடுவில் நின்றுவிடும், பிடிப்பு பாதியாகிவிடும். ஒரு நாள் நிழலில் வைத்துவிட்டு மாட்டுங்கள்.

போர்டு வெளியே இருக்கும்போதே செய்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. கூரைத் தகட்டின் உள்பக்கம் வெறுமையாகக் கிடக்கும், அதில் ஏசி டக்ட்டுக்குச் சுற்றுகிற நைட்ரைல் ஃபோம் ஷீட்டை ஒட்டினால் வெயிலும் மழைச் சத்தமும் கணிசமாகக் குறையும். தடிமன் அதிகமானால் போர்டு திரும்ப உட்காராது, 6 மி.மீ.க்கு மேல் போகாதீர்கள்.

பழுப்பு வளையம், ஈர வாடை

துணியை மாற்றத் தோன்றும், மாற்றாதீர்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கும் வரை. ஆண்டெனா அடியில் உள்ள ரப்பர், கேரியர் மாட்டிய ஓட்டைகள், முன் கண்ணாடி பீடிங்கின் மேல் மூலைகள், சன்ரூஃப் இருந்தால் அதன் நாலு மூலையில் இருந்து தூண்களுக்குள் இறங்கும் வடிகால் குழாய்கள், இவைதான் வழக்கமான குற்றவாளிகள். தண்ணீர் நுழைகிற இடமும் கறை தெரிகிற இடமும் ஒன்றாக இருக்காது, தகட்டின் சரிவில் ஓடிவந்து தாழ்ந்த இடத்தில்தான் சொட்டும். ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார, இன்னொருவர் வெளியே ஹோஸ் பைப்பில் மெதுவாக, கீழிருந்து மேலாக, ஒவ்வொரு இடமாக நனைத்தால் கண்டுபிடித்துவிடலாம். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லாமே நனைந்து ஒன்றும் புரியாது. சன்ரூஃப் குழாயில் அடைப்பு என்றால் மெல்லிய நைலான் ஒயரை விட்டு எடுங்கள், கம்ப்ரசர் காற்றை வேகமாக அடித்தால் உள்ளே குழாய் கழன்றுவிடும், அப்புறம் தண்ணீர் நேராக உங்கள் கால்மிதியில்.

ஒழுகலை அடைத்த பிறகு கறை மட்டும் மிச்சம் என்றால் சோபா ஷாம்பூவின் நுரையை மட்டும் எடுத்து, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால், நனைத்தால், உள்ளே ஃபோமும் கம்மும் விடுபடும். வளையம் முழுக்கப் போகாது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

துணி உறுதியாக இருக்கிறது, நிறம்தான் பிடிக்கவில்லை

பீஜ் நிறம் அழுக்காகித் தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டது, கறுப்பாக்கலாமா? ஆக்கலாம், சில நிபந்தனைகளோடு. ரூஃப் துணி பெரும்பாலும் பாலியஸ்டர் அல்லது நைலான். துணிக்கடையில் விற்கும் சாயப்பொடி பாலியஸ்டரில் ஏறாது, அதற்கென்று உள்ள சாயத்தையும் கொதிக்கும் தண்ணீரில்தான் ஏற்ற முடியும், போர்டோடு ஒட்டிய துணியை எங்கே கொதிக்கவைப்பது? அதனால் நாம் செய்வது சாயம் ஏற்றுவது அல்ல, வளையும் தன்மை உள்ள வினைல், துணி ஸ்ப்ரே பெயிண்ட்டை மேலே பூசுவது. வெளிர் நிறத்தில் இருந்து அடர் நிறத்துக்குப் போகலாம், கறுப்பில் இருந்து பீஜுக்குத் திரும்புவது நடக்காத காரியம்.

போர்டைக் கழற்றி, வாக்குவம் போட்டு, மேலே சொன்ன சோபா ஷாம்பூ நுரையால் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் போகத் துடைத்து, முழுக்கக் காயவிட்டு, ஒரு அடி தூரத்தில் இருந்து பனி மாதிரி மெல்லிய பூச்சாக அடியுங்கள். முதல் பூச்சில் திட்டுத் திட்டாகத்தான் தெரியும், அதை ஒரே அடியில் மூடப் பார்க்கிறவர்கள்தான் கெடுத்துக்கொள்கிறார்கள். காயவிட்டு, திசையை மாற்றி, மூன்று நான்கு பூச்சு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் மென்மையான பிரஷ்ஷால் துணியின் பூவை, அதாவது மேலே நிற்கும் மெல்லிய இழைகளை, நீவிவிட்டால் அட்டை மாதிரி விறைக்காது. வைசரின் பின்பக்கம் அடித்து, காய்ந்ததும் வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள், நிறம் ஒட்டிக்கொண்டு வந்தால் அந்த ஸ்ப்ரே வேண்டாம்.

என்னைக் கேட்டால், கார் பதினைந்து வயதைத் தாண்டியிருந்தால் நிறம் மாற்றக் காசு செலவழிக்காதீர்கள். எப்படியும் போர்டைக் கழற்றத்தான் போகிறீர்கள், பாதி உழைப்பு அதில்தான், உள்ளே இருக்கிற ஃபோமுக்கு அதிக ஆயுள் மிச்சமிருக்காது. வேண்டிய நிறத்திலேயே புதுத் துணி ஒட்டிவிடுங்கள். கறுப்பு போட்டால் அழுக்கு தெரியாது என்பது உண்மை, சின்னக் காரில் கூரை தலையில் இடிப்பது போல் தோன்றும் என்பதும் உண்மை, சாம்பல் நிறம் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். தூண் பிளாஸ்டிக்கும் வைசரும் பழைய நிறத்தில் இருந்தால் புதுக் கூரை தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும், அவற்றுக்கும் பிளாஸ்டிக் பிரைமர் அடித்து அதே நிற ஸ்ப்ரே போட வேண்டியிருக்கும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அம்பாசிடர், பத்மினி மாதிரி கம்பியில் தொங்கும் கூரை

இதில் போர்டும் கிடையாது, ஃபோமும் கிடையாது. ரெக்சினோ துணியோ, அதன் முதுகில் தைத்த உறைகளுக்குள் குறுக்கே இரும்புக் கம்பிகள், ஓரம் சுற்றிலும் இழுத்து ஒட்டியிருக்கும். தொங்கினால் கம்பி அதன் ஓட்டையில் இருந்து நழுவியிருக்கும், அல்லது உறையின் தையல் விட்டிருக்கும். லேசான சுருக்கம் ரெக்சினில் இருந்தால் ஹேர் டிரையர் சூட்டிலேயே இழுத்துக்கொள்ளும். முழுக்க மாற்றுவது என்றால் பெரும்பாலும் முன், பின் கண்ணாடிகளின் பீடிங்கையே கிளப்ப வேண்டும், ஏனென்றால் துணியின் ஓரம் அதற்கு அடியில் போகிறது. கம்பிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம், ஒவ்வொரு வளைவு, கழற்றும்போதே டேப் ஒட்டி முன்னிருந்து 1, 2, 3 என்று எழுதாவிட்டால் பின்னால் விழி பிதுங்கும். பழைய குஷன் ஒர்க்ஸ் ஆள் யாராவது ஊரில் மிச்சமிருந்தால் அவரிடமே கொடுத்துவிடுங்கள், பழைய கூரையை மாதிரி வைத்து வெட்டித் தைத்துவிடுவார். நிறம் மாற்றுவதற்கு மட்டும் இந்த வகை ரொம்ப வசதி, ரெக்சினில் வினைல் ஸ்ப்ரே அழகாகப் பிடிக்கும். 2023 அக்டோபரில் ஓய்ந்த மும்பை பத்மினி டாக்ஸிகளில் ஏறியவர்களுக்குத் தெரியும், பூப்போட்ட கூரை, கண்ணைப் பறிக்கிற கூரை என்று ஒவ்வொரு டிரைவரும் ஒரு ரசனை வைத்திருப்பார்.

புதிதாக ஒட்டியும் சரியாக வரவில்லை

சின்னக் கொப்புளங்கள் ஒரு நாள் கழித்து வந்தால் கம் காயுமுன் ஒட்டிவிட்டீர்கள், கரைப்பான் உள்ளே சிக்கியிருக்கிறது. மெல்லிய ஊசியால் குத்தி, வெயிலில் வைத்து, உள்ளங்கையால் அழுத்தினால் சிலது அடங்கும். துணியின் முகத்தில் ஈரத்திட்டு போல கம் ஊறித் தெரிந்தால் அதற்கு மருந்து இல்லை, தின்னர் போட்டுத் துடைக்கப் போனால் இன்னும் பரவும், அந்தத் துணியை எடுத்துவிட்டு வேறு போடுங்கள். பள்ளத்தில் மட்டும் துணி எழும்பி நின்றால் இழுத்து ஒட்டியிருக்கிறீர்கள். அந்த ஓரத்து மடிப்பைப் பிரித்துத் தளர்த்தி, பள்ளத்தில் மட்டும் மறுபடி கம் வைத்து அடியிலிருந்து அழுத்திக்கொண்டு வரலாம்.

மாட்டியதும் டக் டக் சத்தம், லைட் எரியவில்லை

லைட் எரியாவிட்டால் முதலில் பேட்டரி வயரைத் திரும்ப மாட்டினீர்களா என்று பாருங்கள், அப்புறம் ஃபியூஸ், அப்புறம்தான் போர்டுக்கு மேலே மறந்துபோன கனெக்டர். சத்தம் என்றால் பெரும்பாலும் உள் லைட்டுக்குப் போகிற வயர்தான் தகட்டில் அடிக்கிறது, பழையபடி டேப் போட்டுப் போர்டில் ஒட்டவில்லை. பின் வைப்பர் உள்ள ஹேட்ச்பேக்கில் தண்ணீர்க் குழாய் சில கார்களில் கூரை ஓரமாகத்தான் போகும், போர்டை ஏற்றும்போது நசுங்கியிருந்தால் பின் கண்ணாடிக்குத் தண்ணீர் வராது, எங்காவது கழன்றிருந்தால் பட்டனை அழுத்தியதும் புதுத் துணியில் ஈரம் பரவும். தூண் பிளாஸ்டிக்கை அடித்து மூடுவதற்கு முன்னால் ஒரு தடவை அந்த பட்டனை அழுத்திப் பார்த்துவிடுங்கள். உடைந்த கிளிப்புகளுக்குப் பதில் சென்னை புதுப்பேட்டையில் பழைய காரில் இருந்து எடுத்த கிளிப் கிடைக்கும், நாலு கூடுதலாகவே வாங்கிவையுங்கள்.